கொட்டடிகள் சொல்லும் வரலாறு: வேலூர் முதல் ஸ்ரெப்ரெனிட்சா வரை

வேலூர் கன்டோன்மென்ட் என்று ரயில் நிலையப் பலகையில் படிக்கிறோம். திருச்சியில் கன்டோன்மென்ட் என்றே ஒரு பகுதி இருக்கிறது. பரங்கிமலை, பல்லாவரம் பக்கம் போனால் இன்றும் ராணுவக் குடியிருப்புகளின் நீண்ட மதில்களைப் பார்க்கலாம். இந்தப் பெயர்களோடு நாம் பழகிவிட்டோம். அந்த மதில்களுக்குள் நடந்தவற்றை நம் பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறோமா என்று கேட்டால், பெரும்பாலும் இல்லை என்பதுதான் பதில்.

படைவீரர்கள் தங்கும் நீண்ட கட்டடத்தை ஆங்கிலத்திலிருந்து வந்த சொல்லால் 'பாரக்ஸ்' என்கிறோம். தமிழில் அதற்குக் கொட்டடி என்ற சொல் உண்டு. படைக் கொட்டடி என்றால் சிப்பாய்கள் உறங்கும் இடம். சிறைக் கொட்டடி என்றால் கைதிகளை அடைக்கும் இடம். வதைக் கொட்டடி என்றால் மனிதர்களைத் துன்புறுத்தும் இடம். மூன்றுக்கும் ஒரே சொல் வருவது பொருத்தம்தான். ஒரே கட்டடம் இந்த மூன்றாகவும் மாறியதை வரலாற்றில் பலமுறை காண்கிறோம்.

அந்த மாற்றம் எப்படி நிகழ்கிறது, மார்க்கம் இதைப் பற்றி என்ன சொல்கிறது, நம் குடும்பங்கள் இதிலிருந்து எதைக் கற்றுக்கொள்ளலாம் என்பதை இக்கட்டுரையில் பார்ப்போம்.

படைக்குத் தனி இடம் ஏன்?

படைவீரர்களைத் தனியாகத் தங்கவைக்கும் வழக்கம் இஸ்லாமிய வரலாற்றின் தொடக்கத்திலேயே உண்டு. கலீஃபா உமர் (ரலி) அவர்களின் ஆட்சியில் இராக்கில் பஸராவும் கூஃபாவும், எகிப்தில் ஃபுஸ்தாத்தும் படைவீரர்களின் குடியிருப்புகளாகவே தோன்றின. வெற்றி கொண்ட நாட்டின் மக்களுடைய வீடுகளிலும் விளைநிலங்களிலும் படைவீரர்கள் புகுந்துவிடாமல், அவர்களுக்கென்று ஓர் இடம் ஒதுக்கப்பட்டது. அங்கே பள்ளிவாசல் எழுந்தது, கடைத்தெரு வந்தது, குடும்பங்கள் வந்து சேர்ந்தன. நாளடைவில் பஸராவும் கூஃபாவும் அரபு இலக்கணமும் ஹதீஸும் ஃபிக்ஹும் தழைத்த அறிவு நகரங்களாயின. இமாம் அபூ ஹனீஃபா (ரஹ்) பிறந்து வளர்ந்தது கூஃபாவில்தான்.

வட ஆப்பிரிக்கக் கடற்கரையில் 'ரிபாத்' எனப்படும் எல்லைக் காவல் கோட்டைகள் எழுந்தன. துனீசியாவின் மொனாஸ்தீர் நகரிலுள்ள ரிபாத் கி.பி. 796-இல் கட்டப்பட்டது. பகலில் கடலைக் காவல் காத்தவர்கள், இரவில் தொழுகையிலும் ஓதலிலும் இருந்தார்கள்.

எல்லாக் காலமும் அப்படியே இருக்கவில்லை. கெய்ரோவில் அய்யூபி சுல்தான் அஸ்ஸாலிஹ், விலைக்கு வாங்கிய துருக்கிய இளைஞர்களை நைல் நதியின் ரவ்ளா தீவில் குடியமர்த்திப் படையாக வளர்த்தார். குடும்பமோ ஊரோ இல்லாமல் கொட்டடியையே வீடாகக் கொண்ட அந்த மம்லூக்குகள், அவர் இறந்த பிறகு 1250-இல் ஆட்சியையே கைப்பற்றினார்கள். இஸ்தான்பூலில் உஸ்மானிய சுல்தான்களையே பதவியிலிருந்து இறக்கும் அளவுக்கு வளர்ந்த ஜானிசரிப் படை, 1826 ஜூனில் கிளர்ச்சி செய்தது. சுல்தான் இரண்டாம் மஹ்மூத் அவர்களுடைய கொட்டடிகளைப் பீரங்கியால் சுட்டு எரித்தார். உள்ளே இருந்தவர்கள் பெருந்தொகையாக மாண்டார்கள். கொன்றவர்களும் முஸ்லிம்கள், செத்தவர்களும் முஸ்லிம்கள். கொட்டடியின் கொடுமையைப் பிறருக்கு மட்டும் உரியதாக எழுதிவிட முடியாது என்பதற்காகவே இதைக் குறிப்பிடுகிறோம்.

ஐரோப்பாவில் கதை வேறு. இங்கிலாந்தில் நெடுங்காலம் சிப்பாய்களை சத்திரங்களிலும் மதுக்கடைகளிலும்தான் தங்கவைத்தார்கள். பிரெஞ்சுப் புரட்சிக்குப் பிறகு, 1790-களில் அங்கே பாரக்ஸ் கட்டும் வேலை வேகம் பிடித்தது. மக்களோடு பழகினால் மக்களின் எண்ணம் சிப்பாய்க்கும் வந்துவிடும், நாளைக்கு மக்களைச் சுடச் சொன்னால் சுட மாட்டான் என்ற அச்சம் அதற்கு ஒரு காரணம்.

கொட்டடியின் இரண்டு முகங்களையும் இங்கே காண்கிறோம். மக்களைப் படையின் தொல்லையிலிருந்து காப்பது ஒன்று. படையை மக்களின் மனசாட்சியிலிருந்து பிரிப்பது மற்றொன்று. இந்த இரண்டாவது முகத்தை முழுமையாகக் காண நாம் வெகுதூரம் போகவேண்டியதில்லை. வேலூர் போதும்.

வேலூர்: ஒரே மதிலுக்குள் மூன்று கொட்டடிகள்

1799 மே 4 அன்று ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தான் ஷஹீதானார்கள். அதன் பிறகு அவர்களுடைய பிள்ளைகளையும் குடும்பப் பெண்களையும் கிழக்கிந்தியக் கம்பெனி வேலூர்க் கோட்டையில் கொண்டுவந்து வைத்தது. அகன்ற அகழியும் கருங்கல் மதிலும் கொண்ட அந்தக் கோட்டையின் மஹால்கள் அவர்களுக்கு வசிப்பிடமாயின. பெயர் மஹால்; உண்மையில் காவல். படியளப்பு உண்டு, பணியாட்கள் உண்டு, வெளியே போகும் உரிமை கிடையாது.

இந்தக் குடும்பத்துக்குக் காவல் புதிதல்ல. 1792 உடன்படிக்கையின்போதே திப்புவின் மைந்தர்கள் அப்துல் காலிக், முயிஸுத்தீன் இருவரையும் காரன்வாலிஸ் பிணையாகப் பிடித்துச் சென்று சென்னையில் வைத்திருந்தார். அப்போது அவர்கள் சிறுபிள்ளைகள்.

அதே வேலூர்க் கோட்டையில் கம்பெனியின் படையும் தங்கியிருந்தது. ஆங்கிலேய 69-ஆம் படைப்பிரிவின் நான்கு கம்பெனிகளுக்குப் பாரக்ஸ் ஒருபுறம். சென்னைக் காலாட்படையின் மூன்று அணிகளைச் சேர்ந்த சுமார் 1,500 இந்தியச் சிப்பாய்கள் மறுபுறம். ஆக, சிறைப்பட்ட அரச குடும்பம், அவர்களைக் காக்கும் சிப்பாய், சிப்பாயைக் கண்காணிக்கும் வெள்ளைப் படை என மூவரும் ஒரே மதிலுக்குள் இருந்தார்கள்.

இந்தியச் சிப்பாய்களில் முஸ்லிம்களும் இந்துக்களும் உண்டு. பிழைப்புக்காகக் கம்பெனியில் சேர்ந்தவர்கள். வெள்ளைச் சிப்பாயோடு ஒப்பிட்டால் சம்பளம் குறைவு, பதவி உயர்வு ஓர் எல்லைக்கு மேல் கிடையாது. அதையெல்லாம் பொறுத்துக்கொண்டவர்கள், ஓர் உத்தரவைப் பொறுக்க முடியாமல் எழுந்தார்கள்.

தாடி, தலைப்பாகை, நெற்றி

படைத்தலைவர் சர் ஜான் கிரடாக்கின் நிர்வாகம் 1805 இறுதியிலிருந்து புதிய சீருடை விதிகளைக் கொண்டுவந்தது. முகவாயில் தாடி இருக்கக் கூடாது, மழித்துவிட வேண்டும். மீசை எல்லோருக்கும் ஒரே மாதிரி இருக்கவேண்டும். நெற்றியில் சமயக் குறி கூடாது. காதில் கடுக்கன் கூடாது. பழைய தலைப்பாகைக்குப் பதிலாக, தொப்பியைப் போன்ற புதிய தலைப்பாகை. அதில் தோலால் செய்த ஒரு குஞ்சம்.

அந்தத் தோல் எந்த மிருகத்துடையது? பசுவா, பன்றியா? இந்துச் சிப்பாய்க்கு ஒரு வேதனை, முஸ்லிம் சிப்பாய்க்கு ஒரு வேதனை. அந்தக் காலத்தில் 'தொப்பிக்காரன்' என்றால் வெள்ளைக்காரன் என்று பொருள். தொப்பியை மாட்டுவது மதம் மாற்றுவதற்கு முதல் படி என்று ஊரில் பேச்சு. தொப்பி போட்டவனுக்குப் பெண் கொடுக்க மாட்டோம் என்று உறவினர்கள் சொல்வார்களே என்ற அச்சம் ஒவ்வொருவருக்கும்.

உத்தரவு போட்டவர்களுக்கு இது அணிவகுப்பின் அழகைப் பற்றிய விஷயம். எல்லோரும் ஒரே மாதிரி நிற்கவேண்டும், அவ்வளவுதான். ஆனால் சிப்பாய்க்கு அது தன் தந்தையின் முகத்தைத் தன் முகத்திலிருந்து வழித்தெடுப்பது போன்றது. கொட்டடியின் இயல்பே மனிதர்களை ஒரே அச்சில் வார்ப்பதுதான். அந்த அச்சு ஈமானையும் சமயத்தையும் தொடும்போது, படைக் கொட்டடி வதைக் கொட்டடியாக மாறத் தொடங்குகிறது.

1806 மே மாதம் வேலூர்ச் சிப்பாய்கள் சிலர் புதிய தலைப்பாகையை அணிய மறுத்தார்கள். அவர்களைச் சென்னைக்குக் கொண்டுபோய் விசாரித்தது கம்பெனி. ஒரு முஸ்லிமுக்கும் ஓர் இந்துவுக்கும் கசையடி கொடுத்துப் படையிலிருந்தே நீக்கினார்கள். கசையடி விதிக்கப்பட்ட மேலும் 19 பேர் மன்னிப்புக் கேட்டதால் விடப்பட்டார்கள். முறையீடு செய்ய வழியில்லை, செய்தால் சவுக்கு என்பது எல்லோருக்கும் விளங்கிவிட்டது. முஸ்லிமின் முதுகிலும் இந்துவின் முதுகிலும் ஒரே சவுக்கு விழுந்ததால் இருவரும் ஒன்றானார்கள்.

1806 ஜூலை 10

ஜூலை 9 அன்று கோட்டைக்குள் திப்பு சுல்தானின் மகள் ஒருவருக்குத் திருமணம். அந்தக் கூட்டமும் நடமாட்டமும் சந்தேகத்துக்கு இடம் தராத போர்வையாக அமைந்தன. நள்ளிரவு கழிந்து சில மணி நேரத்தில் சிப்பாய்கள் எழுந்தார்கள். காவல் நிலைகளும் வெடிமருந்துக் கிடங்கும் அவர்கள் கைக்கு வந்தன. வெள்ளையரின் பாரக்ஸைச் சூழ்ந்துகொண்டு, சன்னல்கள் வழியாக உள்ளே சுட்டார்கள். கோட்டைத் தளபதி கர்னல் ஃபேன்கோர்ட் கொல்லப்பட்டார். ஏறத்தாழ 14 அதிகாரிகளும், 69-ஆம் படைப்பிரிவில் சுமார் 115 வீரர்களும் உயிரிழந்தார்கள். விடிந்தபோது கோட்டையில் மைசூர் அரசின் கொடி ஏறியிருந்தது. திப்புவின் மகன் ஃபத்தேஹ் ஹைதர் அரசராக அறிவிக்கப்பட்டார்.

இங்கே ஓர் உண்மையை மறைக்காமல் சொல்லவேண்டும். கொல்லப்பட்டவர்களில் மருத்துவமனையில் படுத்திருந்த நோயாளிகளும் உண்டு. அநீதிக்கு எதிராக எழுந்தவர்கள்தான் அவர்கள், அவர்களின் கோபத்துக்குக் காரணம் இருந்தது. ஆனால் ஆயுதம் ஏந்தும் நிலையில் இல்லாத நோயாளியைக் கொல்வதை, போர்க்களத்திலும் வரம்பு விதித்த நம் மார்க்கத்தின் பெயரால் நியாயப்படுத்த முடியாது. நம் பிள்ளைகளுக்கு வேலூரைச் சொல்லும்போது இதையும் சேர்த்துத்தான் சொல்லவேண்டும்.

வெற்றி நீடிக்கவில்லை. கட்டுப்பாடு குலைந்தது, சிலர் கொள்ளையில் இறங்கினார்கள், வாயில்களைச் சரியாகக் காக்கவில்லை. கோட்டைக்கு வெளியே இருந்த ஓர் ஆங்கிலேய அதிகாரி கொடுத்த தகவலின் பேரில், சுமார் 25 கிலோமீட்டர் தூரத்திலுள்ள ஆற்காட்டிலிருந்து கர்னல் கில்லெஸ்பி குதிரைப்படையோடு அன்று காலையிலேயே வந்து சேர்ந்தார். பீரங்கியால் கதவைத் தகர்த்து உள்ளே புகுந்தார்கள்.

அதன் பிறகு நடந்ததுதான் வேலூரின் இருண்ட பக்கம். அரண்மனைப் பகுதியில் தஞ்சம் புகுந்திருந்த சுமார் 100 சிப்பாய்களை வெளியே இழுத்துவந்து, சுவரோரம் நிறுத்தி, எந்த விசாரணையும் இல்லாமல் சுட்டுக் கொன்றார்கள். இதை எழுதிவைத்திருப்பவர் அந்தக் கதவைத் தகர்த்த அதிகாரிகளில் ஒருவரான ஜான் பிளாக்கிஸ்டன். அன்று மாண்ட சிப்பாய்களின் தொகையைப் பலவாறாகச் சொல்கிறார்கள். குறைந்த கணக்கே 350. பின்னர் நடந்த விசாரணையில் ஆறு பேரைப் பீரங்கி வாயில் கட்டிச் சிதறடித்தார்கள். ஐந்து பேரைச் சுட்டார்கள். எட்டுப் பேரைத் தூக்கிலிட்டார்கள். ஐந்து பேரை நாடு கடத்தினார்கள். மூன்று அணிகளையும் கலைத்தார்கள்.

பிறகு என்ன ஆயிற்று? தாடியையும் தலைப்பாகையையும் பற்றிய அந்த உத்தரவைக் கம்பெனி திரும்பப் பெற்றது. கவர்னர் வில்லியம் பென்டிங்க், படைத்தலைவர் கிரடாக் இருவரையும் லண்டன் திருப்பி அழைத்துக்கொண்டது. அதாவது உத்தரவு தவறு என்பதை நடைமுறையில் ஒப்புக்கொண்டார்கள். முறையிட்ட சிப்பாயின் பேச்சை மே மாதமே காதுகொடுத்துக் கேட்டிருந்தால், ஜூலையில் இரு தரப்பிலும் அத்தனை உயிர்கள் போயிருக்காது.

மஹாலில் வளர்ந்த சிறுவன்

கிளர்ச்சிக்குப் பிறகு திப்புவின் பிள்ளைகளைத் தென்னாட்டிலேயே வைக்கக் கூடாது என்று கம்பெனி முடிவு செய்தது. அவர்களைக் கடல் வழியாகக் கல்கத்தாவுக்கு அனுப்பினார்கள். இளவரசர்களில் யாருக்கு எவ்வளவு தொடர்பு என்பதில் அதிகாரிகளுக்குள்ளேயே கருத்து வேறுபாடு இருந்தது. ஆனாலும் தண்டனை குடும்பம் முழுவதற்கும் கிடைத்தது.

அப்படிப் போனவர்களில் இளையவரான குலாம் முஹம்மதும் ஒருவர். வேலூர்க் காவலில் வளர்ந்த சிறுவன் அவர். 1842-இல் கல்கத்தாவின் தர்மதல்லாவில் அவர் தன் தந்தையின் நினைவாக ஒரு பள்ளிவாசலைக் கட்டினார். இன்றும் அந்த நகரின் நடுவே திப்பு சுல்தான் மஸ்ஜித் என்ற பெயரோடு, ஐந்து வேளைத் தொழுகையோடு நிற்கிறது அது. தந்தையின் நாட்டை எடுத்துக்கொண்டவர்களின் தலைநகரிலேயே தந்தையின் பெயரை நிலைநிறுத்திவிட்டுப் போனார் அந்த மகன்.

வேலூர்க் கோட்டை அதன் பிறகும் சிறையாகவே தொடர்ந்தது. கண்டியின் கடைசி மன்னர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனை ஆங்கிலேயர் 1816-இல் அங்கே கொண்டுவந்து அடைத்தார்கள். 1832-இல் அங்கேயே அவர் இறந்தார். கோட்டையிலுள்ள கண்டி மஹால் அந்தப் பெயரை இன்றும் சுமக்கிறது.

மால்டா: கொட்டடிக்குள் ஒரு மதரஸா

வேலூர் நிகழ்வுக்கு 111 ஆண்டுகளுக்குப் பிறகு அதே ஆங்கிலேய அரசின் மற்றொரு முகாமுக்கு இந்திய ஆலிம்கள் சிலர் கொண்டுசெல்லப்பட்டார்கள். தேவ்பந்த் தாருல் உலூமின் தலைமை ஆசிரியர் ஷைகுல் ஹிந்த் மவ்லானா மஹ்மூத் ஹஸன் (ரஹ்) அவர்கள், ஆங்கிலேய ஆட்சிக்கு எதிரான 'பட்டுக் கடித' இயக்கத்தின் தலைவர் என்ற குற்றச்சாட்டில் ஹிஜாஸில் கைது செய்யப்பட்டார்கள். முதலில் எகிப்துக்கும், அங்கே விசாரணை முடிந்ததும் 1917 பிப்ரவரியில் மால்டா தீவுக்கும் அனுப்பப்பட்டார்கள்.

முதல் உலகப் போரின்போது மால்டா, போர்க்கைதிகளை அடைக்கும் தீவாக இருந்தது. வெர்டாலா பாரக்ஸ் போன்ற பழைய ராணுவக் கொட்டடிகளிலும் கூடாரங்களிலும் ஜெர்மானியர், துருக்கியர் எனப் பல நாட்டவரை வைத்திருந்தார்கள். ஷைகுல் ஹிந்த் அவர்களுக்கு அப்போது வயது அறுபதைத் தாண்டியிருந்தது. அவர்களுடைய மாணவர் மவ்லானா ஹுஸைன் அஹ்மத் மதனி (ரஹ்), ஆசிரியரைத் தனியே விட மனமின்றித் தானே முன்வந்து உடன் சென்றார்கள். தோழர்களில் ஒருவரான ஹகீம் நுஸ்ரத் ஹுஸைன் அந்தத் தீவிலேயே வஃபாத்தானார்.

அந்த மூன்றாண்டுக் காவலில்தான் ஷைகுல் ஹிந்த் அவர்கள் திருக்குர்ஆனின் உருது மொழிபெயர்ப்பை நிறைவு செய்தார்கள். 1920-இல் விடுதலையாகித் தாயகம் திரும்பிய அவர்கள், மால்டாவின் தனிமையில் தாம் கண்ட இரண்டு காரணங்களை ஆலிம்களிடம் எடுத்துச் சொன்னார்கள். முஸ்லிம்களின் வீழ்ச்சிக்குக் காரணம் குர்ஆனைக் கைவிட்டதும், தமக்குள் பிளவுபட்டதும். அதே ஆண்டு அக்டோபரில் ஜாமிஆ மில்லியாவுக்கு அடிக்கல் நாட்டினார்கள். நவம்பர் 30 அன்று வஃபாத்தானார்கள்.

குதிரை லாயத்தில் மனிதர்கள்

வேலூரிலும் மால்டாவிலும் கைதிக்கு ஒரு பெயராவது இருந்தது. அதையும் பறித்தது இருபதாம் நூற்றாண்டு.

போலந்தின் ஆஷ்விட்ஸ் முகாம், முதலில் போலந்து ராணுவத்தின் பாரக்ஸாக இருந்த இடம். நாட்டைப் பிடித்த ஜெர்மன் நாஜிகள் 1940-இல் அதே செங்கல் கட்டடங்களைச் சுற்றி முள்வேலி போட்டுச் சிறையாக்கினார்கள். இடம் போதவில்லை என்று பக்கத்தில் பிர்கெனாவ் முகாமைக் கட்டியபோது, அங்கே எழுப்பியவற்றில் பல ராணுவக் குதிரை லாயங்களின் வடிவத்தில் அமைந்த மரக் கொட்டடிகள். 52 குதிரைகளுக்கான ஒரு லாயத்தில் 400-க்கும் மேற்பட்ட மனிதர்களை அடைத்தார்கள். கைதிகளின் கையில் எண்ணைப் பச்சை குத்தினார்கள். அங்கே கொல்லப்பட்டவர்கள் சுமார் 11 லட்சம் பேர். அவர்களில் ஏறத்தாழ 10 லட்சம் பேர் யூதர்கள்.

பசியால் உடல் வற்றி, பேச்சு மூச்சற்று, சாவை எதிர்பார்த்துக் கிடந்த கைதிகளை அந்த முகாம்களின் கொச்சைப் பேச்சில் 'முசல்மான்' என்று அழைத்தார்கள். முஸ்லிம் என்பதற்கான ஜெர்மன் சொல் அது. அந்தப் பெயர் ஏன் வந்தது என்பதற்குப் பல விளக்கங்கள் உண்டு. எதுவாயினும், அந்த யூதக் கைதியின் கடைசி நாட்களில் அவர்மீது நம் சமுதாயத்தின் பெயர் ஒட்டப்பட்டது. அவருடைய துயரம் நமக்குச் சம்பந்தமில்லாதது என்று நாம் எப்படிச் சொல்ல முடியும்?

மூடப்பட்ட வாயில்

கொட்டடி தஞ்சம் தரும் இடமாக இருக்கவேண்டிய நேரத்தில் கைவிட்ட கதை போஸ்னியாவுடையது. ஸ்ரெப்ரெனிட்சாவை ஐ.நா. 'பாதுகாப்புப் பகுதி' என்று அறிவித்திருந்தது. அதற்குக் காவலாக வந்த டச்சுப் படை, அருகிலுள்ள பொட்டோச்சாரியில் ஒரு பழைய பேட்டரித் தொழிற்சாலையைத் தன் முகாமாக்கிக்கொண்டது.

1995 ஜூலை 11 அன்று செர்பியப் படை நகரைப் பிடித்தது. முஸ்லிம் குடும்பங்கள் டச்சு முகாமை நோக்கி ஓடின. சுமார் 5,000 பேரை உள்ளே விட்டபின் வாயிலை மூடிவிட்டார்கள். பல்லாயிரம் பேர் வெளியே திறந்த வெளியில் நின்றார்கள். இரண்டு நாள் கழித்து, உள்ளே இருந்தவர்களையும் வெளியேறச் சொன்னார்கள். வெளியே ஆண்களைத் தனியே பிரித்துக்கொண்டிருக்கிறார்கள் என்பது தெரிந்த பிறகும் அப்படிச் செய்தார்கள். ஐ.நா.வுக்கு மொழிபெயர்ப்பாளராக வேலை செய்த ஓர் இளைஞரின் தாயும் தந்தையும் தம்பியும் அப்படி வெளியேறியவர்களில் உண்டு. அவர் முகாமில் இருக்கலாம், குடும்பத்தார் இருக்கக் கூடாது என்பது உத்தரவு. மூவரும் கொல்லப்பட்டார்கள்.

அந்த ஜூலையில் ஸ்ரெப்ரெனிட்சாவின் ஆண்களும் சிறுவர்களுமாக 8,000-க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். அது இனப்படுகொலை என்று சர்வதேச நீதிமன்றங்கள் தீர்ப்பளித்தன. அந்த மொழிபெயர்ப்பாளர் தொடுத்த வழக்கில், அவருடைய தந்தையும் தம்பியும் இறந்ததற்கு டச்சு அரசு பொறுப்பு என்று நெதர்லாந்து உச்ச நீதிமன்றம் 2013-இல் கூறியது. முகாமிலிருந்து அனுப்பப்பட்ட சுமார் 350 ஆண்கள் தொடர்பாகவும் அரசுக்கு ஒரு பங்கு பொறுப்பு உண்டு என்று 2019-இல் தீர்ப்பு வந்தது. உத்தரவை நிறைவேற்றினோம் என்ற பதில் அங்கே போதவில்லை.

கைதியைப் பற்றி நம் மார்க்கம்

பத்ருப் போரில் குரைஷிகளில் 70 பேர் கைதிகளாகப் பிடிபட்டார்கள். மதீனாவில் அப்போது சிறைச்சாலை கிடையாது. நபி (ஸல்) அவர்கள் கைதிகளைத் தோழர்களின் வீடுகளுக்குப் பிரித்துக்கொடுத்து, நல்லவிதமாக நடத்தச் சொன்னார்கள். கைதிகளில் ஒருவரான அபூ அஸீஸ், பின்னாளில் அந்த நாட்களை நினைவுகூர்ந்தார். அன்ஸாரிகள் ரொட்டியைத் தமக்குக் கொடுத்துவிட்டு, தாங்கள் பேரீச்சம்பழத்தைத் தின்றார்கள் என்றார். மதீனாவில் அன்று ரொட்டிதான் அரிய உணவு. எழுதப் படிக்கத் தெரிந்த கைதிகள் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்து விடுதலை பெற்றார்கள்.

யமாமாவின் தலைவர் ஸுமாமா பிடிபட்டபோது, பள்ளிவாசலின் தூணில் கட்டிவைக்கப்பட்டார். மூன்று நாட்கள் நபியவர்கள் அவரிடம் வந்து பேசினார்கள். பிறகு எந்த நிபந்தனையும் இல்லாமல் அவிழ்த்துவிடச் சொன்னார்கள். அவரோ வெளியே போய்க் குளித்துவிட்டுத் திரும்பி வந்து இஸ்லாத்தை ஏற்றார். அவரை வைத்திருந்த இடம் எல்லோரும் வந்துபோகும் பள்ளிவாசல். அங்கே எதையும் மறைத்துச் செய்ய முடியாது. அன்பும் பார்வையும் படும் இடத்தில் கைதிக்குத் தீங்கு நேர்வது அரிது.

அல்லாஹ்வின் அன்பை நாடி ஏழைக்கும் அநாதைக்கும் உணவளிப்பவர்களைப் புகழும் இடத்தில், 76-ஆம் அத்தியாயம் கைதியையும் அவர்களோடு சேர்த்துச் சொல்கிறது. கலீஃபா ஹாரூன் ரஷீதுக்காக எழுதிய 'கிதாபுல் கராஜ்' நூலில் இமாம் அபூ யூஸுஃப் (ரஹ்) இதை அரசின் கடமையாகவே வகுத்தார்கள். கைதிகளைச் சங்கிலியோடு தெருவில் பிச்சையெடுக்க அனுப்பக் கூடாது. அவர்களுக்கு உணவுக்கென்று மாதாமாதம் தொகை வேண்டும். கோடைக்கும் குளிருக்கும் ஏற்ற உடை வேண்டும். உறவினரில்லாத கைதி இறந்தால் அரசே குளிப்பாட்டி, கஃபனிட்டு, ஜனாஸாத் தொழுகை நடத்தி அடக்க வேண்டும். ஓர் அரசரின் முகத்துக்கு நேரே இப்படி எழுதிய ஆலிம்கள் நம் முன்னோர்கள்.

இந்த அளவுகோலை வைத்துத்தான் வேலூரையும் ஆஷ்விட்ஸையும் ஸ்ரெப்ரெனிட்சாவையும் நாம் அளக்கவேண்டும். இஸ்தான்பூலின் எரிந்த கொட்டடிகளையும் இதே அளவுகோலால்தான் அளக்கவேண்டும்.

நம் குடும்பங்களுக்கு

முதலாவது, கொடுமை பெரும்பாலும் பீரங்கியோடு தொடங்குவதில்லை. ஒரு சிறிய உத்தரவோடு தொடங்குகிறது: தாடியை மழி, தலைப்பாகையை மாற்று, வரிசையில் நில், பெயருக்குப் பதில் எண்ணைச் சொல். அந்த நிலையிலேயே, சட்டம் தரும் வழிகளில், பொறுமையோடும் ஒற்றுமையோடும் முறையிடக் கற்றுக்கொள்வது அவசியம். முறையீட்டைக் கேட்கும் காது அதிகாரத்தில் இருப்பவர்களுக்கும் அவசியம். நம்மில் காவல்துறையிலும் ராணுவத்திலும் சிறைத்துறையிலும் பணிபுரியும் சகோதரர்களுக்கு இது கூடுதலாகப் பொருந்தும்.

இரண்டாவது, வேலூரைப் பிள்ளைகளுக்குக் காட்டுவோம். கோட்டைக்குள் கோயிலும் பள்ளிவாசலும் தேவாலயமும் இருக்கின்றன. பள்ளிவாசலில் இன்று தொழுகை நடப்பதில்லை. திப்பு மஹாலையும் ஹைதர் மஹாலையும் பார்க்கலாம். நகரில் 1806 சிப்பாய்களுக்கு நினைவுத் தூண் இருக்கிறது. திப்பு சுல்தானின் குடும்பத்தாருடைய அடக்கத்தலங்களும் வேலூரில் உண்டு. அங்கே நின்று துஆ செய்யலாம். பள்ளிப் பாடத்தில் ஒரு பத்தியாக வரும் செய்தி, அந்த மதிலின் முன் நிற்கும்போது பிள்ளைகளின் மனத்தில் பதியும்.

மூன்றாவது, இன்றைய கைதியை நினைப்போம். குற்றம் நிரூபிக்கப்படாமல் விசாரணைக் கைதியாகவே ஆண்டுக்கணக்கில் இருப்பவர்கள் நம் நாட்டுச் சிறைகளில் எல்லாச் சமூகத்திலும் இருக்கிறார்கள். ஜாமீன் கிடைத்தும் பிணைத்தொகை கட்ட முடியாமல் உள்ளேயே இருப்பவர்களும் உண்டு. அவர்களுடைய வீட்டில் பிள்ளைகளின் படிப்பு நிற்கிறது, பெண்கள் தலைகுனிந்து வாழ்கிறார்கள். அப்படி ஒரு குடும்பம் நம் மஹல்லாவில் இருந்தால், என்ன வழக்கு என்று விசாரிக்கும் முன் அடுப்பு எரிகிறதா என்று விசாரிப்போம். இலவச சட்ட உதவி மையத்துக்குப் போக அவர்களுக்கு ஒரு துணை தேவைப்படும். அந்தத் துணையாக ஜமாஅத்தில் ஒருவர் முன்வந்தால் போதும்.

பசித்தவருக்கு உணவளிப்பதையும் நோயாளியை நலம் விசாரிப்பதையும் சொன்ன நபி (ஸல்) அவர்கள், அவற்றோடு சேர்த்தே கைதியை விடுவிப்பதையும் சொன்னார்கள். முதல் இரண்டையும் நம் ஊர்களில் ஓரளவு செய்கிறோம். மூன்றாவதையும் செய்யும் எண்ணத்தை அல்லாஹ் நம் எல்லோருக்கும் தருவானாக. அநியாயமாகக் கொட்டடிகளில் உயிர்நீத்தவர்களின் மறுமையை ஒளியாக்குவானாக. ஆமீன்.